பிரேமலாவுக்கு ஓர் அட்டை

கவின் லோஷினியிடம் தண்ணீர் கேட்டதை பிரேமலா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்த மையம். ஆட்டிசம் உள்ளவர்களும் கற்றல் குறைபாடு உள்ளவர்களும் காலையில் வந்து மதியம்வரை இருப்பார்கள். பிரேமலாவின் தம்பி கவினுக்குப் பதினேழு வயது. பேச்சு இல்லை. மையத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று அவன் தன் பலகையில் ஒட்டியிருந்த படஅட்டைகளில் தம்ளர் படம் போட்டதைப் பிய்த்தெடுத்து, எழுந்துபோய், லோஷினி டீச்சரின் உள்ளங்கையில் வைத்தான்.

"தண்ணி வேணுமா கவின்? இந்தா."

அவ்வளவுதான். ஆனால் சுவரோரம் உட்கார்ந்திருந்த பிரேமலாவுக்கு, தன் வீட்டுக் கதவை வேறு யாரோ சாவி போட்டுத் திறந்துவிட்டதுபோல இருந்தது.

இத்தனை வருடத்தில் அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததுமில்லை. அவன் உதட்டை நக்கினால் தண்ணீர் வரும். காதைப் பொத்தினால் மின்விசிறி நிற்கும். அம்மா விடியுமுன்னே பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். கவினுடைய மழையும் வெயிலும் பிரேமலாவுக்கு மட்டுமே முன்கூட்டித் தெரியும். சொந்தக்காரர்கள் அதை வியந்து பேசும்போது அவள் காது கேளாதவள்போல வேலையைச் செய்வாள், ஒரு சொல்லையும் விடமாட்டாள்.

அவன் கேட்குமுன்னே கொடுப்பதைத்தான் மையத்தில் நிறுத்தச் சொன்னார்கள்.

"அக்கா, நீங்களா கொடுத்திடாதீங்க. அவன் கேட்கட்டும்."

"அவனுக்குத் தாகம் லா, லோஷினி."

"தெரியும்க்கா. எனக்கும் தெரியுது. ஆனா அவனே சொல்லணும்ல?"

'எனக்கும்' என்ற அந்தச் சொல் மீன்முள்ளைப்போல பிரேமலாவின் தொண்டையில் நின்றது.

அதன்பிறகு பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவள் மனதுக்குள்ளேயே லோஷினிக்கு மாப்பிள்ளை பார்த்தாள். மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலை வைத்திருக்கும், நல்ல உயரமான ஒருவன். கல்யாணம் முடிந்து லோஷினி ஆற்றோரத்து வீடொன்றில் ஜன்னல் திரைகளைத் தைத்துக்கொண்டு, பெர்மாஸ் ஜெயாவையே மறந்துவிட்டாள். பிரேமலா அவளுக்கு நல்ல பரிசாகவே வாங்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கவின் தன் பையைக் கிளறி ஓர் அட்டையை எடுத்துவந்து பிரேமலாவின் கையில் வைத்தான். அவன் அவளிடம் கேட்ட முதல் பொருள். அட்டையில் லோஷினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அலமாக், டீச்சரைத் தேடுறானே," என்றாள் அம்மா சந்தோஷமாக. பிறகு மகளைப் பார்த்தாள். "உனக்கு ஏன்டி மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. அந்த சென்டர் வேணாம்மா. நானே வீட்டுல பார்த்துக்கிறேன்."

"பொறாமையா?"

"யார்மேல? அந்தப் பொண்ணுமேலயா?"

"யார்மேலன்னு நான் சொல்லவே இல்லையே," என்றாள் அம்மா.

திங்கட்கிழமை கவினோடு பிரேமலா படியேறியதே அவனை மையத்திலிருந்து நிறுத்திவிடுவதாகச் சொல்லத்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆனால் லோஷினியின் முன்னால் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"என் அட்டை எங்க?"

"என்னக்கா?"

"உன் படம் இருக்கு. இங்க தேத்தண்ணி ஆத்துற மூர்த்தி அண்ணன் படம்கூட இருக்கு. என்னோடது ஏன் இல்ல?"

லோஷினி கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதான் எப்பவும் இங்கயே உட்கார்ந்திருக்கீங்களே. பக்கத்துல இருக்கிறவங்கள அவன் எதுக்குக் கேட்கப் போறான்?"

அவன் ஒருமுறையாவது தன்னைக் கேட்க வேண்டும் என்று பிரேமலாவுக்கு இருந்தது. அதற்கு அவள் அங்கிருந்து போக வேண்டும்.

கைப்பேசியில் தீபாவளிக்கு எடுத்த பட்டுச்சேலைப் படத்தைத் தேடிக் காட்டினாள். லோஷினி தலையாட்டினாள். "அழகா இருக்கீங்க. ஆனா இது நீங்கன்னு அவனுக்குத் தெரியாது." மூக்குக்கண்ணாடியும் கிளிப்பு மாட்டிய தலையுமாக அப்போதே ஒரு படம் எடுத்து, அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பலகையில் தன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

பிரேமலா கீழே இறங்கி, வாழைப்பழம் பொரித்து விற்கும் கடையின் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் கேட்கவே மாட்டானோ என்று தோன்றியது. மேலே லோஷினி இருக்கிறாள், தண்ணீர் இருக்கிறது, மின்விசிறியை நிறுத்தவும் ஆள் இருக்கிறது. இவள் எதற்கு? கடைக்காரம்மா பொட்டலத்தை நீட்டினாள். காகிதத்தில் எண்ணெய் ஊறிப் பரவுவதைப் பிரேமலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கைப்பேசி அடித்தது. "அக்கா, வாங்க. உங்க அட்டைய கொடுத்திட்டான்."

பொட்டலத்தை பெஞ்சிலேயே விட்டுவிட்டு ஓடினாள். மாடிப்படியில் நின்று கிளிப்பைக் கழற்றித் தலையைச் சரிசெய்தாள். பிறகு அட்டையில் இருப்பதுபோலவே கிளிப்பைத் திரும்ப மாட்டினாள்.

கவின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்து இறுகிப்போன பிஸ்கட் டின்னின் மூடிமேல் வைத்தான்.

"நான்தான் திறக்கப் போனேன். தள்ளிவிட்டுட்டான்," என்றாள் லோஷினி.

"தள்ளிவிட்டானா?"

"ஆமாக்கா."

"உன் கையையா?"

"என் கையத்தான்."

இன்னொரு தடவை கேட்டால் நன்றாக இருக்காது என்று பிரேமலா மூடியைத் திறந்தாள். கவின் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, அவள் அட்டையை அதன் இடத்தில் ஒட்டிவிட்டு ஜன்னலோரம் போய்விட்டான். லோஷினியும் வேறொருவருக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுக்கத் திரும்பினாள்.

பலகைக்கு அருகில் யாரும் இல்லை. பிரேமலா தன் படத்தைப் பிய்த்து, லோஷினியின் படத்துக்கு மேல்வரிசையில் ஒட்டினாள்.

கவின் எழுந்து வந்தான். மென்றுகொண்டே அதைப் பிய்த்து, லோஷினியின் பக்கத்தில், முன்பிருந்த அதே இடத்தில் வைத்து, விரலால் நன்றாக அழுத்தினான்.