எங்களைப் பற்றி

போர்டுக்காரர் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, செய்தித்தாள் சுற்றிய பலகையை மாடிப்படியின் உச்சியில் நிறுத்தியபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் புருஷனும் தொடங்கப்போகும் விளம்பரக் கம்பெனிக்கு இன்னும் பெயரே முடிவாகவில்லை. பலகை மட்டும் எப்படி வந்தது?

"சார்தான்மா போன வாரம் எழுதிக் கொடுத்தாரு. சிவப்புல போடச் சொன்னாரு," என்றார் அவர், பெருமையாக. "அம்சமான பேரும்மா. யாரு, பாப்பாவா?"

அவள் தாளைக் கிழித்தாள். மூன்றடி நீளத்துக்குப் பளபளவென்று அந்தப் பெயர்.

அந்தப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த பெயர் அது. ஏழாம் மாதத்தில் அவளும் புருஷனும் மட்டும் உட்கார்ந்து வைத்த பெயர். எட்டாம் மாதத்திலேயே அவசரமாக வந்த குழந்தை, ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. காலில் கட்டிய அட்டையில்கூட 'பெண் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தது. நாலு வருஷமாக இருவரில் ஒருவரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது போர்டுக்காரர் அம்சமாக இருக்கிறது என்கிறார்!

"மாட்டிடவாம்மா?"

"தொடாதீங்க," என்றாள். அவர் பயந்துபோய் கையை எடுத்துவிட்டார்.

பெயர் தேடும் படலம் இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. விளம்பரக் கம்பெனியில் பத்து வருஷம் மற்றவர்கள் பொருளுக்கு வாசகம் எழுதிக் கொட்டிவிட்டு வேலையை விட்டவள் அவள். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை வீடு வீடாக விற்றவன் அவன். அவள் எழுதுவது, அவன் ஆள் பிடிப்பது என்று ஏற்பாடு. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. பெயர்தான் அமையவில்லை. ஒன்று டியூஷன் சென்டர் மாதிரி இருந்தது, இன்னொன்று வயிற்றுவலி மருந்து மாதிரி இருந்தது. அவள் 'நேர்ச்சொல்' என்றாள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபீலிங் இல்லையே" என்றான் அவன்.

ஃபீலிங்! அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷமும் அதைத்தானே கேட்டார்கள்? ஃபீலிங்கைக் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க மேடம், என்னமோ உப்பு மாதிரி. ஒரு குடைக் கம்பெனிக்காரர் செத்துப்போன அப்பாவை வைத்து எழுதச் சொன்னார். குடைக்கும் அந்த மனுஷன் சாவுக்கும் என்ன சம்பந்தம்? அவள் மாட்டேன் என்றுவிட்டு, இன்டர்வியூவுக்குப் போகும் ஒருத்தி, தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று சர்டிபிகேட் பையை மட்டும் குடைக்குள் பிடித்துக்கொண்டு நடப்பதாக எழுதினாள். குடை விற்றது. பொருளுக்குள் இருக்கிற உணர்ச்சியை எடு, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டாதே. இதுதான் அவள் வேலையில் வைத்திருந்த ஒரே ஆசாரம். அது தெரிந்த புருஷன்தான் இந்தக் காரியம் செய்திருக்கிறான்.

புதுப் பூட்டும் சாவியுமாக அவன் மாடியேறி வந்தான். கிழிந்த தாளைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"சர்ப்ரைஸா?"

"இல்லம்மா, கேளேன். ஆள் உள்ள வந்ததும் முதல்ல என்ன கேப்பாங்க? இது யார் பேருன்னு கேப்பாங்க. நாம சொல்லுவோம். சொன்னா மனசுல நிக்கும். நீதானே சொல்லுவே, மனசைத் தொடாத எழுத்து எழுத்தே இல்லன்னு?"

"மெத்தை விக்கிறவன் வருவான், அவன்கிட்ட நான் என் பொண்ணு செத்த கதையைச் சொல்லணும். அப்புறம் அவன் மெத்தைக்கு நாலு வரி எழுதிக் கொடுக்கணும். அதானே?"

"அவ எனக்கும் பொண்ணுதான்."

அது உண்மை என்பதே அவளுக்கு இன்னும் எரிந்தது. போர்டுக்காரர் மெதுவாக நழுவிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவன் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். கம்பெனியின் இணையப் பக்கம். 'எங்களைப் பற்றி' என்று தலைப்பு. "நானே எழுதினேன். ஒரு தடவை படி. அப்புறமும் வேண்டாம்னா வேண்டாம்."

அவனுக்கு எழுத வராது. பால்காரருக்குச் சீட்டு எழுதினால்கூட அவள்தான் திருத்த வேண்டும். அந்தத் தைரியத்தில் படிக்க ஆரம்பித்தவளுக்கு மூன்றாவது வரியில் கண்ணீர் கண்ணை மறைத்தது. நன்றாக எழுதியிருந்தான், பாவி. சின்னச் சின்ன வாக்கியம். அழுகை என்ற சொல்லே இல்லை. எல்லாம் அவளிடமிருந்தே கற்றது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தாள். 'போவதற்கு முன் இரண்டு கண்களையும் அகலத் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எங்கள் எழுத்து.'

அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"பொய்," என்றாள். "அவ கண்ணே திறக்கல. தூக்கத்துலயே போயிட்டான்னு நீங்கதான் சொன்னீங்க. நான் ஜுரத்துல அந்தப் பக்கத்து வார்டுல கிடந்தேன், நீங்க வந்து தலைமாட்டுல நின்னு சொன்னீங்க. இப்ப வரி நல்லா முடியணும்னு கண்ணைத் திறக்க வைக்கிறீங்களா? செத்த பிள்ளையைக்கூட விடமாட்டீங்களா?"

அவன் பூட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க! வாய் செத்துப்போச்சா?"

"திறந்தா."

"என்ன?"

"திறந்தா. நர்ஸம்மா கூப்பிட்டாங்க, ஓடினேன். அப்ப பார்த்தா. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ பார்க்கலியே. நான் மட்டும் பார்த்தேன்னு எப்படிச் சொல்லுவேன்? தூக்கத்துலன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல."

பத்து வருஷம் வாடிக்கையாளர்களைக் குடைந்து குடைந்து கேட்டவள் அவள். உள்ளதைச் சொல்கிறவன் யோசிப்பான், ஜோடிக்கிறவன் உடனே சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"எந்தக் கண்ணு முதல்ல திறந்தா?"

அவன் யோசித்தான்.

"இடது கண்ணு. அது மட்டும்தான். அதுவும் பாதி. வலது கண்ணு பீளை ஒட்டிக்கிட்டே இருந்துச்சு, துடைக்கிறதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டான். "ஒரு கண்ணு, பீளைன்னு எழுதினா நல்லா இருக்காதுன்னுதான் ரெண்டு கண்ணுன்னு போட்டேன்."

"நல்லா இருக்காதா?"

ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டிருக்கும் அந்தச் சத்தம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் 'நீங்க' என்பதைத் தவிர வேறு சொல்லால் அவனை அழைத்திராதவள், அன்று 'நீ' என்றாள்.

"நாலு வருஷமா என் பொண்ணு பார்த்த பார்வையை நீ ஒளிச்சு வச்சிருந்திருக்கே. நான் ஒருத்தி வீட்டுல உயிரோட இருக்கேன்ல? என்கிட்ட சொல்ல வாய் வரல, ஊருக்கு எழுதக் கை வந்துச்சா? அதுவும் பீளையைத் துடைச்சு, அழகு பண்ணி!"

அவன் நாற்காலியில் சரிந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவள் தேற்றவில்லை. தேற்றும் நிலையில் அவளும் இல்லை. லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தி, "அழி," என்றாள். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக அழித்தான். படியில் போர்டுக்காரர் யாரும் சொல்லாமலே பலகையைத் திரும்பவும் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் முழங்காலில் இடிக்கிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை.

"இப்ப சொல்லு. நர்ஸம்மா கூப்பிட்டதுலேர்ந்து சொல்லு. எனக்கு மட்டும் சொல்லு. எதையும் வெட்டாதே."

"எனக்குச் சரியாச் சொல்ல வராதே."

"வர மாதிரி சொல்லு," என்றாள். "அந்தப் பீளை என்ன நிறம்?"