கீறல் போடாமல் கழற்றிய சக்கரம்

மாமனார் தன் கையாலே செய்த நீராவி ரயில் எஞ்சின் அது. முழங்கை நீளம் இருக்கும். அடியில் விளக்கேற்றினால் புகைவிட்டு நிஜமாகவே ஓடும். அவர் செத்ததும் வீடு மூத்த மகளுக்குப் போனது, அதாவது என் சகலைக்கு. என் பெண்டாட்டிக்கு வந்தது இந்த எஞ்சின் மட்டும். ஆவி கசிந்து இரண்டு வருஷமாய் ஓடவில்லை. அது இன்னொரு தடவை ஓடிப் பார்க்கணும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

சகலைக்குத் திடீரென்று அக்கறை முளைத்தது. "பிரிச்சு, ஓட்டையை அடைச்சு, சிவப்புச் சாயம் அடிச்சு, புகைபோக்கியை உசத்தி, ஓடவெச்சுத் தரேம்மா. ஒரு மாசம் என் கடைக் கண்ணாடிக்குள்ள ஓடட்டும், அப்புறம் நீயே வெச்சுக்கோ" என்றார். அவளும் தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியும் கையுமாக வந்து எங்கள் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கழற்றியதைத் துடைத்து வைக்கிற வேலை எனக்கு.

"சகல, திருகாணியைக் கிண்ணத்துல போடுங்க. மூட்டைன்னு நெனச்சு முதுகுல ஏத்திடாதீங்க" என்றார், என் சுமை தூக்கும் வேலையைக் குத்தி.

"உங்க வயித்தை விடவா இது கனம்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

புகைபோக்கி வந்தது. பாய்லர் வந்தது. மேஜையில் பரப்பினால் அறுத்துப் போட்ட கோழி மாதிரி இருந்தது. அப்புறம் சக்கரத்துக்கு வந்தார்.

பதினெட்டு வருஷமாய் ரயில் எஞ்சின் பட்டறையில் சுமை தூக்குகிறவன் நான். சக்கரம் கழற்றுமுன் பிரித்து மாட்டுகிற பிட்டர் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். இடது சக்கரத்தில் தண்டு மாட்டுகிற முளை மேலே நின்றால் வலது சக்கரத்து முளை முன்னே நிற்கணும். கால் சுற்று வித்தியாசம். அச்சையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் கழற்றுவான். கீறல் இல்லாமல் கண்மதிப்பில் மாட்டினால் மயிரிழை தப்பும், தண்டு முட்டி நின்றுவிடும். அந்தக் கால் சுற்றை அளக்கவென்றே மாமனார் ஒரு இரும்புச் சட்டம் செய்து வைத்திருந்தார். சகலை அதை வீட்டுக் குப்பையோடு இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்.

அவர் முதல் சக்கரத்தில், அதை இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டினார். எனக்குக் கீறல் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

"என்ன சகல முறைக்கிறீங்க? தெரிஞ்சவன் செய்யறதைப் பாத்துக் கத்துக்குங்க."

விழுங்கிவிட்டேன். விழுங்கினது இனிப்பாகவே இருந்தது. ஆறு சக்கரம், ஒவ்வொன்றாய் டக் டக்கென்று வந்தது. சிவப்புச் சாயத்தைப் பூசிக்கொண்டு கடைக் கண்ணாடிக்குள் இது நொண்டி நிற்கட்டும், வர்றவன் போறவனெல்லாம் பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றையும் துடைத்து வைத்தேன்.

என் பெண்டாட்டி இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். தட்டைக் கீழே வைக்காமலே, ஒரு கையால் சக்கரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அப்பா எஞ்சின் வேலை செய்கையில் விளக்குப் பிடித்து வளர்ந்தவள்.

"கீறல் எங்க அத்தான்?" என்று அக்கா புருஷனைக் கேட்டாள்.

"என்ன கீறல்?"

அவரிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."

நான் கிண்ணத்துத் திருகாணிகளைப் பார்த்தேன்.

"இங்கதான உக்காந்திருந்தீங்க?"

"என்னம்மா ஆச்சு இப்போ?" என்றார் சகலை.

அவள் என் கையிலிருந்த துணியை உருவி, ஆறு சக்கரத்தையும் அதில் முடிந்துகொண்டாள். ஒரு டம்ளரைச் சகலை முன்னால் வைத்தாள். இன்னொன்றை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். தொட்டியில் ஊற்றும் சத்தம் கேட்டது.