நடீன் பெயரில் ஒரு துப்பாக்கி

ட்வைட் டாக்கெட்டின் அப்பா விட்டுப்போன மான் வேட்டைத் துப்பாக்கிக்கு விலையே கிடையாது. அவனே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். நான் அதற்கு வைத்த விலை முந்நூறு டாலர். விலையில்லாத பொருளுக்கு விலை சொல்வதுதான் அடகுக்கடைக்காரன் பிழைப்பு. கல்யாண மோதிரம், செத்தவரின் கைக்கடிகாரம், பிள்ளை பாதியில் கைவிட்ட வயலின் என்று எது வந்தாலும் என் அப்பா யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொல்வார். சொன்ன கையோடு எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்தத் துடைப்பு எனக்கும் வந்துவிட்டது.

கோடையில் வண்டியின் கியர் பெட்டி போனபோது ட்வைட் துப்பாக்கியை வைத்துப் பணம் வாங்கிப் போனான். நவம்பரில், மான் வேட்டை தொடங்க இரண்டு நாள் இருக்கையில், அசலும் வட்டியுமாக முந்நூற்றுத் தொண்ணூறை எண்ணி எடுத்துக்கொண்டு மீட்க வந்தான். மனைவி நடீனும் கூட வந்தாள். நல்ல கூட்டம் என்பதால் வண்டியைத் தபால் நிலையத்துப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார்கள்.

எங்கள் ஆற்றோர ஊரான கார்வர்ஸ் பெண்டில் அந்த வாரம் எங்கே போனாலும் ஒரே பேச்சுதான். ஆளுக்கு ஆள் துப்பாக்கியைக் கைமாற்றினாலும், கடையில் செய்வதுபோல, வாங்குகிறவனின் குற்றப் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்று மாநில சட்டசபைக்கு ஒரு மசோதா வந்திருந்தது. அதற்கு எதிராக ஊரெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் ட்வைட். முதல் பக்கத்திலேயே என் கையெழுத்து இருந்தது. மசோதா நிறைவேறினால் அந்தச் சோதனையும் லைசென்ஸ் உள்ள என் கடை வழியாகத்தான் நடக்கும்; ஒவ்வொன்றுக்கும் இருபது டாலர் எனக்கு வரும். கையெழுத்துப் போடாவிட்டால் பாதி வாடிக்கை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கடைக்குப் போய்விடும். கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். அவ்வளவுதான் என் கொள்கை.

ஹீட்டர் பக்கத்தில் ஆஸி கிரம் உட்கார்ந்திருந்தார். இழுவைப் படகில் முப்பது வருஷம் ஓடி ஓய்ந்தவர். எதையும் வாங்கமாட்டார், ஆனால் தினமும் வந்துவிடுவார்.

"என்ன பெரியவரே, இன்னும் கையெழுத்துப் போடலையே நீங்க?" என்றான் ட்வைட்.

"போடறேன்டா, அவசரமா? போன மாசம் காப்பகத்துல ஒரு கிழட்டு நாயைத் தத்தெடுத்தேன். அங்க ஒரு பொம்பளை என்னை நிக்க வெச்சு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டா. வீட்டுக்கு வேலி இருக்கா, முன்ன வளத்த நாய் எப்படிச் செத்துச்சு, குடிப்பீங்களான்னு. பல்லில்லாத நாய்க்கே இவ்வளவு கேக்கறாங்க. துப்பாக்கிக்குக் கேட்டா உனக்கென்ன வலிக்குது?"

"துப்பாக்கி வெச்சுக்கற உரிமை அரசியல் சட்டத்துலயே இருக்கு. நாய் வளக்கறது எழுதியிருக்கா?"

"எழுதியிருந்தா அதுக்கும் ஒரு கட்சி ஆரம்பிச்சிருப்பீங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ட்வைட்டும் சிரித்தான். "நல்ல மனுஷனை எதுக்குய்யா சோதிக்கணும்? கெட்டவன் என்னிக்குக் கடைக்கு வந்து பேரைச் சொல்லி வாங்கியிருக்கான்?"

நடீன் பேச்சில் சேரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விலைச் சீட்டோடு கிடந்த மோதிரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துப்பாக்கியை அடகு வைக்கச் சோதனை கிடையாது. மீட்கத்தான் உண்டு. தன் பொருளைத் தானே திரும்ப வாங்கினாலும் புதிதாக வாங்குகிறவன் மாதிரிதான் படிவத்தை நிரப்ப வேண்டும். ட்வைட் அதைக் கிண்டலடித்துக்கொண்டே நிரப்பினான். கூட்டம் கலையும்வரை காத்திருந்து நான் அரசாங்கச் சோதனை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விவரங்களைச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவள் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். பிறகு ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். மறுப்பு. ஏன் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள்.

நான் தணிந்த குரலில்தான் சொன்னேன். சின்னக் கடை, ஹீட்டர் வரைக்கும் கேட்டுவிட்டது. ட்வைட்டின் கழுத்து முதலில் சிவந்தது, அப்புறம் காது.

"வேற எவனாவது டாக்கெட்டா இருப்பான். பேரைக் குழப்பிக்கிட்டானுங்க."

"கெட்டவன் கடைக்கு வர்றதில்லேன்னு இப்பத்தானேடா சொன்னே?" என்றார் ஆஸி. இந்த முறை சிரிக்கக் கூட்டம் இல்லை. சொன்னவரே பாதியில் குரலை விழுங்கினார்.

முறிகிற வியாபாரத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது பிறவிக் கோளாறு. வாங்க வந்தவன் முகம் வாடினால் என் வாய் தானாக ஒரு வழி சொல்லும்.

"இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போடாதே. நடீன் எதுக்கு இருக்கா? துப்பாக்கி எனக்கு வேணாம்னு நீ எழுதிக் குடுத்துரு. அதையே அதே காசுக்கு அவளுக்கு விக்கறேன். அவ பேர் சுத்தமாத்தானே இருக்கும்? வீடு யார் பேர்ல இருந்தா என்ன, ரெண்டு பேரும்தானே தூங்கறீங்க!"

கண்ணையும் சிமிட்டினேன்.

ட்வைட்டின் முகம் மலர்ந்தது. "யோவ் கஸ், உன்னைச் சட்டசபைக்கு அனுப்பணும்யா." எழுதிக் கையெழுத்துப் போட்டான். நடீனின் ஓட்டுநர் உரிமம் வண்டியில் அவள் கைப்பையில் இருந்தது. அவள் எடுத்துவரத் திரும்பினாள். "நீ நில்லு," என்று சொல்லிவிட்டு அவனே போனான். சாவி அவனிடம்தான் இருந்தது.

நான் புதுப் படிவம் ஒன்றை அவள் பக்கம் தள்ளினேன். அவள் பேனாவை எடுக்கவில்லை. ஒரு வரியின் மேல் விரலை வைத்துக் கேட்டாள்.

"இந்தத் துப்பாக்கியை உனக்காகத்தான் வாங்கறியான்னு போட்டிருக்கே. என்ன எழுதறது?"

"ஆமான்னுதான் எழுதணும். எல்லாரும் அப்படித்தான்."

"கஸ், என்கிட்ட நீங்க ஒரு மிக்ஸி வித்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஐந்தாறு வருஷம் இருக்கும். பச்சை நிற மிக்ஸி, மூடியில் விரிசல். பதினெட்டு டாலர் என்றேன். பத்துக்கு மேல் பெறாது. யாராக இருந்தாலும் பேரம் பேசிப் பத்துக்கு இறக்கியிருப்பார்கள். அவள் பேசாமல் பணத்தை வைத்தாள். வாயைத் திறக்காமல் பேரம் முடித்த முதல் வாடிக்கையாளர் நீதான் என்று சிரித்தேன். பல் வைத்தியம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினாள்.

"பல் இல்லே. தாடை," என்றாள் இப்போது. "கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க. எதையும் அரைச்சு ஸ்ட்ரா வழியா உறிஞ்சணும். அக்கரையில தங்கச்சி வீட்டுல வெச்சு நடந்துச்சு. அதனால நம்ம ஊர்ப் பேப்பர்ல வரல. கேசு நடந்துச்சு. குத்தத்தை ஒத்துக்க, அபராதத்தோட போயிரும்னு வக்கீல் சொன்னார். ஒத்துக்கிட்டான். பொண்டாட்டியை அடிச்ச கேசுல குத்தத்தை ஒத்துக்கிட்டவனுக்குத் துப்பாக்கி கிடையாது. அதனாலதான் இப்ப போன்ல மறுத்திருக்காங்க."

ஹீட்டர் பக்கம் ஆஸி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் துடைக்கக்கூடத் துணி கிடைக்கவில்லை. கல்லாவைத் திறந்து எட்டு டாலரை எடுத்து அவள் முன் வைத்தேன். இதைவிட அற்பமான காரியத்தை நான் செய்ததில்லை. ஆனால் அந்த நிமிஷம் கை அதைத்தான் செய்தது.

"இது எதுக்கு?"

"மிக்ஸிக்கு... கூட வாங்கிட்டேன்."

"பைக்குள்ள எவ்வளவு இருக்குன்னு அவனுக்குத் தெரியும். இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றது?" பணத்தை என் பக்கமே தள்ளினாள்.

"ஷெரிஃபுகிட்ட ஒரு வார்த்தை..."

"போன தடவை அபராதத்தைக் கட்டினது என் சம்பளத்துல. வேணாம் கஸ். இந்தத் துப்பாக்கியை மட்டும் எங்க வீட்டுக்கு அனுப்பாதீங்க. நான் சொன்னேன்னும் தெரியக் கூடாது."

கதவு மணி அடித்தது. ட்வைட் கைப்பையை மேஜைமேல் வைத்தான். "எழுதியாச்சா?"

நான் படிவத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். "முடியாது ட்வைட். இது ஆள் மாத்தி வாங்கறது. மாட்டினா ஜெயிலுக்குப் போறது நான்தான். லைசென்ஸும் போயிரும்."

"இப்பத்தானேய்யா நீயே சொன்னே?"

"தெரியாம சொல்லிட்டேன். பயந்துட்டேன். விட்டுரு."

பயந்தாங்கொள்ளி என்றான். அரசாங்கத்தின் நாய் என்றான். உன் அப்பனாவது எடை போடும்போது மட்டும்தான் ஏமாற்றினான், நீ நாக்காலேயே ஏமாற்றுகிறாய் என்றான். எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டேன். திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அவன் மேஜைமேலிருந்த முந்நூற்றுத் தொண்ணூறு டாலரையும் அள்ளி மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "உன் கடை ஒண்ணுதான் இருக்குன்னு நெனச்சியா? சனிக்கிழமை காலையில பழைய சாமான் சந்தைக்குப் போனா, கார் டிக்கியைத் திறந்து வெச்சுக்கிட்டு விக்கிறான். பேர்கூடக் கேக்கமாட்டான். அதை யாரும் தொடக்கூடாதுன்னுதானே கையெழுத்து வாங்கறோம்?" என் தோளில் தட்டினான். "முதல் பக்கத்துல உன் பேர்தான்யா."

நடீன் கைப்பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். நன்றி சொல்வதுபோல ஒரு பார்வையாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அந்த எதிர்பார்ப்புதான் இன்றுவரை கூசுகிறது. அவள் திரும்பவில்லை. அவனோடு அதே வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டியவள் எதற்காகத் திரும்ப வேண்டும்?

அவர்கள் போன பிறகு ஆஸி கேட்டார். "கணக்கு எப்படி நிக்குது, கஸ்?" அவர் குரலில் கேலி இல்லை.

சொன்னேன். வேண்டாம் என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டதால் துப்பாக்கி என்னிடமே நிற்கிறது. தொள்ளாயிரத்துக்குப் போகும். அசலும் வட்டியும் கழிய லாபம் ஐந்நூற்றுப் பத்து. ட்வைட் டாக்கெட்: பாக்கி இல்லை. நடீன் டாக்கெட்டுக்கு நான் தரவேண்டியது: மிக்ஸி வகையில் எட்டு டாலர். முதல் பக்கத்துக் கையெழுத்து ஒன்று. அவள் பேர் சுத்தமாத்தானே இருக்கும் என்று கேட்டது ஒன்று. கொடுத்துத் தீர்த்தது: இல்லை. மொத்தமும் நிலுவை.