மதியழகன் சாரின் நீல இறகுகள்

“எம் மாட்டுக் கொம்புக்கு அடிச்ச பெயிண்ட்டுங்க சார் அது! காயறதுக்குள்ள அந்தப் பறவ வந்து ஒரசிட்டுப் போச்சு, எங்கண்ணால பாத்தேன்!”

“பெயிண்ட்டுக்கும் இறகுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களோட எனக்கென்ன பேச்சு? மாடு மேய்க்கிறதோட நிறுத்திக்கம்மா!”

மாட்டுப் பொங்கல் முடிந்த பத்தாம் நாள், அதியமான்கோட்டைப் பக்கத்து ஏரிக்கரையில், ஊரார் முன்னால் சென்னம்மாளுக்கும் மதியழகன் சாருக்கும் நடந்த சண்டை இது. மறுநாள் காலை சாரின் கழுத்தில் நீல இறகு முளைத்தது.

சார் அறிவியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மனைவி மலர்விழி கறி வாங்க அனுப்பினால், பைனாகுலரோடு ஏரிக்குப் போய் வெறும் பையோடு திரும்புகிறவர். பனிக்காலத்தில் வரும் வெள்ளைக் கடற்காகங்களில் எது பழுப்புத்தலை, எது கருந்தலை என்று இறக்கை நுனியையும் கண்ணின் நிறத்தையும் வைத்தே சொல்லிவிடுவார். அந்தத் தை மாதம் வந்த ஒன்றுக்கு மார்பில் பட்டையாக நீலம். இரண்டு இனமும் கூடிப் பிறந்த கலப்பு, யாரும் பார்த்திராத நிறம் என்று வாட்ஸப் குழுவில் படம் போட்டார். பெங்களூரிலிருந்து கார்கள் வந்தன. பள்ளியில் சால்வை போர்த்தினார்கள். அந்தப் பெருமையில்தான் சென்னம்மாளை அப்படிப் பேசியது.

அன்று சாயங்காலமே கரையில் கிடந்த நீல இறகு ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்து வந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விடிந்தபோது பறவை வெள்ளை வெளேரென்று மிதந்தது. நீலம் முழுக்க சாரின் கழுத்தில் இருந்தது, காம்பும் தூவியுமாக. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. பிடுங்கினார், அடர்த்தியாக முளைத்தது. பங்குனி வெயிலிலும் அந்தச் சால்வையைச் சுற்றிக்கொண்டே பாடம் நடத்தினார். சென்னம்மாள் எதிரே வந்தால் வரப்பில் இறங்கி நடந்தார்.

“ஊருக்கு முன்னால பேசினீங்க இல்ல, ஊருக்கு முன்னாலயே போய்ச் சொல்லுங்க,” என்றாள் மலர்விழி. “தலகாணி பூரா தூவி. யாரு கூட்டறது?”

சித்திரையில் ஒருநாள், மாடுகளும் ஊராரும் தண்ணீருக்கு வரும் நேரமாகப் பார்த்து, கரையில் நின்று சால்வையை எடுத்தார். “நீங்க சொன்னதுதான் நெசங்க. அன்னிக்கே தெரியும். மறச்சுட்டேன்,” என்றார். சென்னம்மாள் கிட்டே வந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஆமாங்க சார். எங்க வூட்டு டப்பா நீலந்தான்.”

குழுவிலும் எழுதிப் போட்டார். இரண்டு பேர் அழுகிற பொம்மை அனுப்பினார்கள், பதினேழு பேர் வெளியேறினார்கள். இறகு உதிரவில்லை. சொல்லிவிட்டால் உதிர்ந்துவிடும் என்று சார் நம்பியிருந்ததாகத் தெரிகிறது.

வைகாசியில் சென்னம்மாளின் மகள் யுவராணிக்கும் ஓசூர் மாதேஷுக்கும் கல்யாணம். சென்னம்மாளே வந்து சாருக்குச் சாம்பார் ஊற்றினாள். அவர் இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தார். ஆனியில் மாறுதல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு அரூருக்குப் போய்விட்டார். அங்கே முடி வெட்டுகிறவர் இறகுகளில் கத்திரி படாமல் வெட்டப் பழகிக்கொண்டாராம்.