கடல்ராணி ஐஸ் கம்பெனி, எழுபத்து மூன்று பிரதிகள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அது தெரிந்துதான் தேவப்பிரியம் மேடம் அன்று காலையிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேம்பு, தலைமை ஆபீஸ்லேர்ந்து சார் வந்திருக்காரு. உனக்குக் கோடி புண்ணியம், நீ ஒண்ணும் பேசாத" என்றார். மேடம் எங்கள் நூலகர். நான் அங்கே பெருக்குவேன், அடுக்குவேன், கிழிந்த புத்தகத்தை ஒட்டுவேன். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை.

எங்கள் நூலகம் ராயபுரத்தில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும். படிக்க வருகிறவர்கள் கையில் கிரீஸ் இருக்கும், மீன் செதில் இருக்கும். கை கழுவிவிட்டு வா என்றால் முறைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கடல்ராணி ஐஸ் கம்பெனி வருடா வருடம் பெரிய மாதக் காலண்டர் அடிக்கும். வழவழப்பான தடித்த தாள். மேலே படம், கீழே கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர். வருடம் முடிந்ததும் தெருத் தெருவாகக் கேட்டு வாங்கி, நைந்துபோன புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டேன். பளபளப்புப் பக்கம் வெளியே வரும்படி போட்டதால், ஈரம் பட்டாலும் துடைத்துவிடலாம். ஆனால் அந்தத் தாளில் பேனா எழுதாது. எழுதினாலும் இரண்டே நாளில் அழிந்துவிடும். தலைப்புதான் உள்ளே இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு அது ஒரு தொந்தரவாகவே இல்லை. மாதத்தையோ படத்தையோ சொல்லிப் புத்தகம் கேட்டார்கள். துறைமுகத்தில் ஓய்வு பெற்றுவிட்டு இப்போது படகு என்ஜின் ரிப்பேர் பார்க்கிற கஸ்பார், படியேறும்போதே குரல் கொடுப்பார்: "இன்னாமே வேம்பு, ஜூலை கீதா?" அவருக்கு ஜூலை என்றால் கலங்கரை விளக்கம் படம். உள்ளே படகு டீசல் என்ஜினைப் பழுது பார்க்கும் புத்தகம். இப்போது அது அச்சிலேயே இல்லை. மனிதர் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்.

போன வருடம் புத்தகங்களைக் கணினியில் ஏற்ற ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். தலைப்பு வாரியாகப் பட்டியல் போடுவதுதான் அவர்கள் வேலை. ஒரு புத்தகத்தையாவது திறந்தார்களா? இல்லை. "ஏம்பா, உள்ள தொறந்து பாத்து அடி" என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "ஒரு நாளைக்கு நானூறு முடிக்கணும்க்கா" என்று ஒருவன் சொன்னான். அட்டையில் என்ன கண்ணில் பட்டதோ அதை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதன் பலனைத்தான் அன்று தலைமை ஆபீஸிலிருந்து வந்த செங்குட்டுவன் சார் தாளில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். அகர வரிசையில் சுத்தமான பட்டியல். 'க' வரிசையில் விரலை வைத்து மேடத்திடம் கேட்டார். "ஒரே தலைப்புல எழுபத்து மூணு பிரதியா? யாரும்மா இவ்வளவு வாங்கினது? 'கடல்ராணி ஐஸ் கம்பெனி'ன்னு போட்டிருக்கு."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஒரு தலைப்புக்கு ரெண்டு பிரதி போதும்னு உத்தரவு. மிச்சம் எழுபத்தொண்ணும் கழிவு. நாலு மணிக்கு லாரி வரும், காகித மில்லுக்குப் போயிடும்" என்றார்.

மேடம் சொன்னதெல்லாம் அந்த நிமிடமே மறந்துபோனது. ஓடிப்போய் ஜூலையையும், பாய்மரப் படகு படம் போட்ட நவம்பரையும் எடுத்துவந்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். "இன்னா சார் அநியாயம் இது! இது என்ஜின் புக்கு. இது பிரசவம் பாக்குற நர்ஸுங்க படிக்கிறது. ரெண்டும் ஒண்ணா? உங்க கண்ணாலயே பாத்து சொல்லுங்க."

அவர் பார்த்தார். முதல் பக்கத்தைப் புரட்டினார், அடுத்ததையும் புரட்டினார். இரண்டும் வேறு வேறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. தெரியாமல் செய்தவனை மன்னித்துவிடலாம்.

"லிஸ்ட்டை லாக் பண்ணியாச்சும்மா. திருத்தணும்னா தனி உத்தரவு வரணும், மூணு மாசம் ஆகும். கழிக்கச் சொன்ன உத்தரவுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்றார். பிறகு அட்டையைத் தட்டிக் கேட்டார். "இதைப் போட்டது யாரு? நீதானே? தலைப்பை மூடி வச்சுட்டு என்கிட்ட சண்டைக்கு வர்றியா?"

சுருக்கென்றது. நான் போட்ட அட்டைதான். காப்பாற்றுவதாக நினைத்து, என் கையாலேயே எழுபத்தொரு புத்தகத்தை மில்லுக்கு அனுப்ப வழி பண்ணியிருக்கிறேன். அழுகை வந்தது. அந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரு சந்தேகம் சார். மெம்பருங்க எடுத்துகினு போயிருக்கிற புக்கையும் கழிப்பீங்களா?"

"அதெப்படி முடியும்? அலமாரியில இருக்கிறதைத்தான் கழிக்க முடியும்" என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஒரு மணிக்குச் சாப்பிடக் கிளம்பினார்.

கஸ்பார் பேப்பர் படிக்கிற மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போனேன். "நைனா, ஒரு மெம்பருக்கு மூணு புக்கு. இருபத்து நாலு பேரு வோணும். நாலு மணிக்குள்ள."

"தோ, இப்பவே இட்டாறேன்" என்று சைக்கிளை எடுத்தார். போகிற போக்கில் அவர் சாரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

வந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கோயிலிலிருந்து வந்தவர்கள், மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ரோசி. "ஒண்ணியும் பிரில. ஆனா எவனோ புக்க தூக்கினு போறானாமே? மூணு குடு" என்று ஈரக்கையை நீட்டினாள். அந்தக் கைக்காகத்தானே அட்டை போட்டேன்!

மேடம் என்னை அருகே இழுத்தார். "வேம்பு, என் வேலை போயிடும்டி."

"மெம்பரு புக்கு கேக்குறாங்கோ, நீங்க குடுக்குறீங்கோ. இதுல இன்னா தப்பு மேடம்? இதுக்குத்தான லைப்ரரி?"

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்து கொடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சீட்டிலும் அதே தலைப்பு அச்சாகி வந்தது. கடைசி ஆளுக்கு இரண்டுதான் மிஞ்சியது.

லாரி காலியாகத் திரும்பியது. அலமாரியில் காலண்டர் அட்டை போட்ட இரண்டே இரண்டு புத்தகம் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து, "என்னம்மா நாடகம் இது?" என்று செங்குட்டுவன் சார் கத்தினார்.

"படிக்கத்தான் சார் எடுத்துகினு போயிருக்காங்கோ. எழுபத்தொண்ணும் ஒரே புக்குன்னு நீங்கதானே சொன்னீங்கோ. ரொம்ப நல்ல புக்கு போல கீது" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபத்து நாலு பேரும் வந்து தவணையை நீட்டித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறை நீட்டித்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேடம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "தங்கள் நூலகத்தில் 'கடல்ராணி ஐஸ் கம்பெனி' என்னும் நூலுக்கு மாவட்டத்திலேயே அதிகத் தேவை இருப்பது தெரியவருகிறது. மேலும் ஐம்பது பிரதிகள் வாங்க ஏதுவாக, நூலின் முழுத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் உடன் தெரிவிக்கவும்." கீழே கையெழுத்து: செங்குட்டுவன்.

அதே ஆள்! இரண்டு புத்தகத்தையும் கையில் வாங்கித் திறந்து பார்த்த அதே ஆள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடிதத்தைக் கிழித்தே போட்டிருப்பேன், மேடம் பிடுங்கிக்கொண்டார்.

"கிழிக்காத. கேட்டிருக்காங்க இல்ல? சொல்லிடலாம்" என்றார் மேடம். பத்தொன்பது வருடத்தில் அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

எல்லோரையும் புத்தகத்தோடு வரச் சொன்னோம். இரண்டு நாள் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாகத் திறந்து முதல் பக்கத்தைப் படிக்கப் படிக்க, மேடம் எழுதினார். தலைப்பு, ஆசிரியர், எண். பிறகு அகர வரிசையில் அடுக்கினோம், எழுபத்து மூன்று வரி. முடித்ததும், கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். மேடம் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை, நான் சொன்னதை ஆபீஸ் தமிழில் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இவற்றில் எதைக் கழிப்பதானாலும், அதன் பெயரைச் சொல்லிக் கழிக்கவும்."

இன்னும் பதில் வரவில்லை. ஜூலை மறுபடி கஸ்பார் வீட்டில்தான் இருக்கிறது.