நாலு விரக்கடைத் தூரம்

காளிராஜுக்குப் பிடரி கழன்று விழுகிற மாதிரி வலி. லேபிள் அச்சடிக்கிற ஆபீஸில் பூதக்கண்ணாடிக்கு அடியில் குனிந்து வருஷக்கணக்காக அச்சுக்கல்லில் படத்துக்குப் புள்ளி குத்துகிறவனுக்குப் பிடரி வலிக்காமல் வேறு எது வலிக்கும்? தீப்பெட்டியில் ஒட்டுகிற மயில், கிளி, யானை எல்லாம் அவன் குத்திய புள்ளிகள்தான். ரெண்டு கண்ணும் நல்லா இருக்கிற வரைக்கும்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கும்.

அந்த வலியோடுதான் அவனை மதராசுக்கு ரயிலேற்றிக் கூட்டிப்போனார் முதலாளி சீனிவாசகம். தாயில்பட்டிக் கம்பெனிக்காரர் ஒருத்தர், கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு வரைந்த படம் வேண்டாம், நிஜப் பொறியையே படம் பிடித்துப் போடு என்று ஆர்டர் கொடுத்திருந்தார். ஒவ்வொரு பொறியும் பூப்பூவாகத் தெரிய வேண்டுமாம். கைக்கேமரா இருந்தது, அதைப் பிடிக்கக் காளிராஜும் இருந்தான். கிட்டத்தில் வைத்து எடுக்கிற லென்ஸ் இல்லை.

மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர் ரெண்டு லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று நாற்பது மில்லி, இன்னொன்று தொண்ணூறு. ஒரு ஊசியை நட்டு வைத்து ரெண்டிலும் பார்க்கச் சொன்னார். ரெண்டிலும் ஊசி ஒரே பருமனில்தான் தெரிந்தது. ஆனால் நாற்பதில் பார்க்க, ஊசிக்கு நாலு விரக்கடைத் தூரத்துக்கு லென்ஸைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தொண்ணூறுக்கு ஒரு சாணுக்கும் மேலே தள்ளி நின்றால் போதும். விலைதான் ரெண்டு மடங்கு.

“பெருசையே எடுங்க மொதலாளி. தள்ளி நின்னா நடுவுல ஒரு கண்ணாடித் தகடு வச்சுக்கிடலாம். சின்னதுல அம்புட்டுக் கிட்டக்கப் போனா சூட்டுல தகடும் தெறிச்சிரும்.”

“தள்ளி நிக்க நீ என்ன புலியவா படம் பிடிக்கப் போற?” என்று சிரித்தார் சீனிவாசகம். “ஏலே, நானும் அச்சுக்கல்லு தேச்சு மேல வந்தவன்தான். நம்ம பெரிய கேமராவுல எந்த லென்ஸைப் போட்டாலும் அசல் அளவுன்னா அசல் அளவுதான? நீ எம்புட்டு தூரத்துல நின்னேன்னு லேபிள்ல எழுதியா ஒட்டப் போறாக?”

அது லேபிள் ஆபீஸ் கணக்கு. அங்கே கேமராவுக்கு எதிரே பலகையில் நிற்பது காகிதம். காகிதம் பொறி கக்காது. ஆயுசு பூராவும் காகிதத்தையே படம் பிடித்தவருக்கு, இந்தத் தடவை எதிரே நிற்கப்போவது நெருப்பு என்பது உறைக்கவில்லை. காளிராஜுக்கு உறைத்தது. ஆனால் முதலாளியிடம் ரெண்டாம் வார்த்தை பேசிப் பழகாத வாய். சின்னதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

கேமரா ரூமை அடைத்து இருட்டாக்கி, மணல் டின்னில் கம்பியைக் குத்தி வைத்தார்கள். பற்ற வைத்தது முதலாளியேதான்.

“இன்னும் கிட்டப் போ.”

“மூஞ்சியில அனல் அடிக்கு மொதலாளி.”

“பொறி பொடிசாத் தெரிஞ்சா அந்தாளு ஆர்டரைத் தூக்கி அடுத்த ஆபீஸ்ல குடுத்துருவான். போலே!”

போனான். வலது கண் கேமராவுக்குள். இடது கண் திறந்தே இருந்தது. புள்ளி குத்துகிறவன் எவனும் ஒரு கண்ணை இடுக்கமாட்டான். இடுக்கினால் கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்துவிடும். கை தொழிலை மறந்தாலும் கண் மறக்குமா? கம்பியில் மருந்து எங்கேயோ கட்டி தட்டியிருந்திருக்கிறது. சடசடவென்று எரிந்துகொண்டே வந்தது, அந்த இடத்தில் டப்பென்று தெறித்தது.

காளிராஜ் அலறிக்கொண்டு சரிந்தான். சீனிவாசகம் பாய்ந்து பிடித்தார். பிடித்தது கேமராவை.

மதுரையில் வைத்துப் பார்த்தும் இடது கண் தேறவில்லை.

லேபிள் அச்சாகி வந்த அன்று, ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார் சீனிவாசகம். “படம் பிரமாதம்லே! பாக்கிறவன்லாம் வாயப் பொளக்கான். அடுத்து தரைச்சக்கரத்துக்கும் ஆர்டர் வந்திருக்கு. நீ சொன்ன பெரிய லென்ஸையே வாங்கிப்புட்டேன், இனிப் பயமில்ல. கேமராவுக்கு ஆமத்தூர்க்காரன் ஒருத்தனப் போட்டிருக்கேன். நீ லேபிள் எண்ணிக் கட்டுத வேலைக்கு வந்துரு.”

காளிராஜின் பெண்டாட்டி முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “அன்னைக்கே அத வாங்கியிருந்தா ஒங்க சொத்துல எத்தன குறுக்கம் நெலம் கொறஞ்சிருக்கும்?”

“என்ன தாயி இப்பிடிப் பேசுத? ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நாந்தான குடுத்தேன்? ஒரு பைசா பாக்கி வச்சேனா?”

காளிராஜ் தாளை மடியில் விரித்தான். பொறி ஒவ்வொன்றும் பூப்பூவாக விரிந்திருந்தது. அதில் ஒன்றைத் தொட விரலை நீட்டினான். ஒற்றைக் கண்ணுக்கு எட்டிவிட்டது என்று பட்ட இடத்தில் தாள் இல்லை. விரல் காற்றில் நின்றது. பூதக்கண்ணாடிக்கு அடியில் மயிரிழை பிசகாமல் புள்ளி வைத்த விரல்.

தாளைச் சுருட்டி அவர் கையிலேயே திணித்தான்.

“பைசா பாக்கி இல்ல மொதலாளி. ஒரு கண்ணு பாக்கி.”