மூணு வரைக்கும் எண்ணு

எட்டு வருடமாக நான் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நான் தகுதியானவளா என்று என்னிடமே கேட்கப் போகிறார்களாம். நேர்காணல் கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துணியில் மடித்துக் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்குவது என் வேலை. அப்படிக் கட்டிய மூட்டையை நாங்கள் செட் என்போம். எட்டு வருடமும் தற்காலிகம். இப்போது ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருக்கிறது. அது கிடைக்காதவர் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம்.

போட்டிக்கு இரண்டே பேர். நானும், மேலாளரின் மைத்துனரும். அவர் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். தரை எப்போதும் நனைந்து கிடக்கும் எங்கள் அறைக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்ததால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய். அது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை ஷூவுக்குக் கத்திரி எது, இடுக்கி எது என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தான் என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

என் தங்கை ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறாள். நாள் முழுக்க போனில் திட்டு வாங்கிக்கொண்டே சிரித்த குரலில் பேசுவது அவள் பிழைப்பு. என்னைத் தயார் செய்ய அவளே முன்வந்தாள். ஒரு வாரம், சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதிகாரி மாதிரி கேள்வி கேட்டாள்.

"உங்க பலவீனம் என்ன?"

"கோபம்."

"அக்கா, அதை மட்டும் சொல்லவே கூடாது. வேலைன்னு வந்துட்டா நேரம் போறதே தெரியாதுன்னு சொல்லு."

"அது பலவீனமாடி?"

"இல்ல. அதனாலதான் அதைச் சொல்லணும்."

முறைத்தேன். அவள் அசரவில்லை. ஊரார் திட்டையே தாங்குகிறவளுக்கு அக்காவின் முறைப்பு ஒரு பொருட்டா?

"கேள்வி கேட்டதும் வாயத் தொறக்காத. மனசுக்குள்ள மூணு வரைக்கும் எண்ணு. அப்புறம் சிரி. அப்புறம் பேசு. உனக்கு மூக்குமேல இருக்கிற கோபம் அதுக்குள்ள கொஞ்சமாவது இறங்கும்."

"நாலுல ஏறிடுச்சுன்னா?"

"திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணு."

நேர்காணல் அன்று விடியக் காலையிலேயே வந்து முதல் சுற்றை ஏற்றினேன். பதினாறு செட். எட்டு மணிக்குச் சுற்று முடியும். முடிந்ததும் எடுத்துவிடக் கூடாது. கதவைக் கொஞ்சமாகத் திறந்துவைத்து அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க எடுத்து இரும்பு மேசையில் வைத்தால் செட்டின் அடிப்பக்கம் வேர்த்துப்போகும். ஈரத் துணி வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து யார் வந்து கத்தினாலும் அந்த அரை மணி நேரத்தை நான் விட்டுக்கொடுத்ததில்லை. மிளகாய் என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

அன்று எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மேலாளர் அறை வாசலில் போய் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். ஒன்பதரை வரை உட்கார்ந்தே இருந்தேன். நடுவில் ஒன்பது மணிக்கு வெள்ளை ஷூ வந்தார், நேராக உள்ளே போனார், பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஈசிதான்க்கா, பயப்படாதீங்க" என்று எனக்கே தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே மேலாளர், தலைமை நர்ஸம்மா, ஒரு அறுவை மருத்துவர். மருத்துவர் தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் மேலாளர். எட்டு வருடமாகத் தினமும் என் முகத்தைப் பார்க்கிற மனிதர். ஒன்று, இரண்டு, மூன்று. சிரித்தேன். சொன்னேன்.

"அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?"

மாதக் கடைசியில் எங்கே இருப்பேன் என்பதே உங்கள் கையில்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது. எண்ணினேன். சிரித்தேன். கன்னம் வலித்தது. ஆனால் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நர்ஸம்மாகூடத் தலையாட்டினார்.

கடைசியாக மேலாளர் ஒரு செட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது யூஸ் பண்ண ரெடியா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மேலே ஒட்டியிருந்த பட்டை சூட்டில் கறுத்திருந்தது. நான் செட்டைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அடியில் உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

"இது எங்கேருந்து எடுத்தீங்க சார்?"

"அலமாரியிலதான். இன்னைக்குக் காலைல வந்தது."

"இயந்திரத்துல இருந்து எடுத்தது யாரு?"

நர்ஸம்மா சொன்னார்: "தியேட்டர்ல அவசரம்னாங்க. நீ இங்க உக்காந்திருந்தே. அந்தத் தம்பிதான் எட்டு மணிக்கே எடுத்து அடுக்கிட்டான்."

"பட்டைதான் கறுத்திருக்கே" என்றார் மேலாளர்.

எண்ண மறந்துபோனேன். "பட்டை கறுத்தா சூடு பட்டுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். அடியில தொட்டுப் பாருங்க சார். இந்த ஈரத்தோட எடுத்துட்டுப் போய் ஒருத்தர் வயித்தைக் கிழிப்பாங்க. இதை ஆறவிடுறதுக்குன்னு இருக்கிற ஆளை வாசல்ல ஒன்றரை மணி நேரம் உக்கார வச்சுட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு கேக்குறீங்க."

மருத்துவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "மத்த செட்டெல்லாம் எங்க? பத்து மணிக்கு எனக்கு ஒரு கேஸ் இருக்கு."

நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு, கையிலிருந்த செட்டோடு ஓடினேன். அலமாரியில் பதின்மூன்று இருந்தன. இரண்டு தியேட்டருக்குப் போயிருந்தன, நல்லவேளையாக யாரும் இன்னும் பிரிக்கவில்லை. அவற்றைப் பிடுங்கிக்கொண்டு, நேற்றைய காய்ந்த செட் இரண்டைக் கொடுத்தேன். என் அறைக்கு வந்து எல்லாவற்றையும் மேசையில் போட்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். கையோடு வந்ததையும் சேர்த்துப் பதினாறு. அப்புறம்தான் அழுகை வந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து நர்ஸம்மா வந்தார்.

"உனக்குத்தான் வேலை. வேற ஆளை வச்சா நான் கத்தியே தொட மாட்டேன்னு டாக்டர் ஒத்தக் கால்ல நின்னுட்டார். மேலாளர் மட்டும் உன்னைக் கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொன்னார்."

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். கோபம்தான் வந்தது. எட்டு வருடம் காய்ந்த செட்டாகக் கொடுத்திருக்கிறேன், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் எடுக்காத ஒரு ஈர செட்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

"அவரை வரச் சொல்லுங்கம்மா" என்றேன்.

வெள்ளை ஷூ வந்தார். இப்போது சிரிப்பில்லை.

"ஷூவைக் கழட்டிட்டு ரப்பர் செருப்பு போட்டுக்கங்க. எல்லாத்தையும் பிரிச்சு, கழுவி, மறுபடி கட்டணும்."

அவர் கட்டி முடித்து, இயந்திரத்தில் ஏற்றி, சுற்று முடிந்து, கதவு அரை மணி நேரம் திறந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"வேலை என்னாச்சு?"

"கிடைச்சிடுச்சு."

"நான்தான் சொன்னேன்ல. மூணு வரைக்கும் எண்ணினியா?"

"பதினாறு வரைக்கும் எண்ணினேன்டி."